ஸ்டூடியோ வாசலில் சொன்ன ஒரு பொய்

1

குமரி மாவட்டத்திலிருந்து சினிமா படிக்கக் கிளம்பிய முதல் ஆள் யார் என்று கேட்டால், நான் ஜே.சி. டேனியல் பெயரைச் சொல்வேன். அகஸ்தீஸ்வரத்துக்காரர். பிறந்தது 1900-ல். அவர் சினிமா படிக்க நினைத்த காலத்தில் இந்தியாவில் சினிமாவுக்கென்று பள்ளிக்கூடமே கிடையாது. விண்ணப்பப் படிவம் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை. ஸ்டூடியோ வாசல் மட்டும் இருந்தது. அங்கே ஒரு காவலாளியும் இருந்தார்.

டேனியல் முதலில் போனது மெட்ராஸுக்கு. உள்ளே விடவில்லை. அங்கிருந்து பம்பாய்க்குப் போனார். அங்கே அவர் ஒரு பொய் சொன்னதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ‘நான் ஓர் ஆசிரியர். என் மாணவர்களுக்கு சினிமா பற்றிச் சொல்லித்தர வேண்டும். அதற்காகப் பார்க்க வந்திருக்கிறேன்’ என்பதுதான் அந்தப் பொய். கதவு திறந்தது. கேமரா எப்படி ஓடுகிறது, பிலிமை எப்படிக் கழுவுகிறார்கள், செட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு, கருவிகளும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். நிலத்தை விற்றார். திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, கதாநாயகன் எல்லாம் அவரேயாக ‘விகதகுமாரன்’ என்ற மௌனப்படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் திரைப்படம் அது. திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக அந்தத் தியேட்டரில் நடந்த கலவரத்துக்குத் தாவிவிடுவார்கள். நானும் அங்கே வருவேன். அதற்கு முன்னால் அந்த வாசலில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு கலையைக் கற்றுக்கொள்ள வந்த ஆள் ‘கற்றுக்கொள்ள வந்தேன்’ என்று சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். ‘கற்றுக்கொடுக்கிற ஆள்’ என்று சொன்னால் விடுவார்கள். இந்த நிலைமை எப்போது மாறியது, யாருக்கு மாறியது, எவ்வளவு தூரம் மாறியது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

உலகத்தின் முதல் திரைப்படப் பள்ளி 1919-ல் மாஸ்கோவில் தொடங்கியது. அதாவது டேனியல் பம்பாய்க்கு ரயிலேறுவதற்குச் சில வருஷங்கள் முன்பே. ஆனால் நம்மூர்க்காரர்களுக்கு மாஸ்கோவும் நிலாவும் ஒரே தூரம். இங்கே சினிமாவைக் கற்க ஒரு வழிதான் இருந்தது: தெரிந்த ஒருவரைப் பிடிப்பது.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வத’த்தை 1910-களில் எடுத்த நடராஜ முதலியார், மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். தாதாசாகேப் பால்கேயின் படங்களைப் பார்த்து ஆசை பற்றிக்கொண்டது. அவருக்கு கேமராவைச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஒளிப்பதிவாளர். அந்த ஸ்மித் இருந்த ஊர் புனே. பின்னால் நாம் எல்லோரும் விண்ணப்பிக்கப்போகிற அதே ஊருக்கும் தென்னிந்திய சினிமாவுக்குமான தொடர்பு, அங்கே கல்லூரி வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

முதலியாருக்கு ஒரு வெள்ளைக்காரரின் அறிமுகம் கிடைத்தது. டேனியலுக்கு அது கிடைக்கவில்லை. பொய் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேரிடமும் முதலீடு செய்யச் சொந்தப் பணம் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அறிமுகமும் இல்லாமல் பணமும் இல்லாமல் சினிமா கற்க நினைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் படம் எடுக்கவில்லை என்பதால் வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை.

தமிழ் சினிமாவுக்குள் முறையாகத் திரைப்படக் கல்வி பெற்று வந்த முதல் ஆட்களில் ஒருவர் அமெரிக்கர். எல்லிஸ் ஆர். டங்கன், லாஸ் ஏஞ்சல்ஸில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். கூடப் படித்த மாணிக் லால் டாண்டன் அழைத்ததால் 1935-ல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. வந்த மறுவருஷமே ‘சதி லீலாவதி’யை இயக்கினார். அதில் ஒரு சின்ன வேஷத்தில் அறிமுகமான இளைஞர்தான் எம்.ஜி.ஆர். இன்று சென்னை தரமணியில் இருக்கிற அரசு திரைப்படக் கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். பெயர். அவரை முதன்முதலில் திரைக்காக இயக்கியவர் ஒரு திரைப்படப் பள்ளி மாணவர்! இதை யாராவது அந்தக் கல்லூரிச் சுவரில் எழுதி வைக்கலாம்.

மொழி தெரியாத டங்கன் பதினைந்து வருஷம் இங்கே படம் எடுக்க முடிந்ததற்குக் காரணம், அவருக்குத் தொழில் முறையாகத் தெரிந்திருந்தது. கேமராவை எங்கே வைக்க வேண்டும், ஷாட்டை எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவர் வகுப்பறையில் கற்றிருந்தார். சினிமா என்பது சொல்லித்தரக்கூடிய ஒன்று என்பதற்கு அன்றைய கோடம்பாக்கத்தில் நடமாடிய சாட்சி அவர்.

3

மெட்ராஸில் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாக 1945-ல் சினிமாத் தொழில்நுட்பம் கற்பிக்கத் தொடங்கினார்கள். வெல்டிங், டர்னிங் போல ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் ஒரு தொழிற்கல்வி. கலை என்கிற பேச்செல்லாம் இல்லை. இந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபிட்டர் படிக்கப் போகும் பையனிடம் ‘உனக்கு உள்ளுக்குள்ள தாகம் இருக்கா?’ என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? பின்னாளில் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று எல்லோரும் சொன்னது இந்தப் பள்ளியின் தொடர்ச்சியைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் இந்திய அரசு எஸ்.கே. பாட்டீல் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு அமைத்தது. 1951-ல் வந்த அதன் அறிக்கை சொன்ன முக்கியமான விஷயங்களில் ஒன்று, நாட்டுக்கு ஒரு திரைப்படக் கல்லூரி தேவை என்பது. அரசாங்க வேகத்தில் அது நடக்க ஒன்பது வருஷம் ஆனது. 1960-ல் புனேயில், பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் கல்லூரி வந்தது. ‘சந்த் துக்காராம்’ எடுத்த ஸ்டூடியோ அது. தொழில் நொடித்துப்போய்க் கிடந்த தளங்கள் வகுப்பறைகள் ஆயின. 1964-ல் அதே ஊரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் தொடங்கியதால், உலக சினிமாவின் பிரதிகளைத் திரையில் பார்த்தே படிக்கிற வசதி வந்தது. டிவிடியும் டோரண்டும் இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் தலைமுறைக்குப் புரிவது கஷ்டம்.

பெயரில் ‘தொலைக்காட்சி’ சேர்ந்தது 1974-ல். அதுவரை டெல்லியில் இயங்கிவந்த தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவை புனேக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அங்கே இரண்டு பிரிவுகள் உண்டு. திரைப்படப் பிரிவின் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி போன்ற முக்கியப் படிப்புகள் மூன்று வருஷம். தொலைக்காட்சிப் பிரிவின் படிப்புகள் ஒரு வருஷம். சத்யஜித் ராய் பெயரில் கொல்கத்தாவில் இரண்டாவது தேசியக் கல்லூரி 1995-ல் வந்தது.

ஆக, டேனியல் பம்பாய் வாசலில் நின்ற நாளுக்கும், ஒரு இந்தியக் குடிமகன் ‘எனக்கு சினிமா கற்க வேண்டும்’ என்று உண்மையை எழுதி அரசாங்கத்துக்கே விண்ணப்பம் போடக்கூடிய நாளுக்கும் நடுவே சுமார் முப்பத்தைந்து வருஷம்.

4

அந்த விண்ணப்பத்தைப் போட்டவர்கள் யார்?

ஒருவர் திண்டுக்கல் பக்கத்தில் அரசாங்க வேலையில் இருந்தார். காந்திகிராமத்தில் பொருளாதாரமும் அரசியலும் படித்து 1961-ல் பட்டம் வாங்கியவர். மறுவருஷமே வேலையை விட்டுவிட்டு புனேயில் திரைக்கதையும் இயக்கமும் படிக்கச் சேர்ந்தார். அடூர் கோபாலகிருஷ்ணன். மத்திய அரசின் உதவித்தொகையில் படிப்பை முடித்தார். அரசாங்க வேலையை விட்டுவிட்டு சினிமா படிக்கப் போகிறேன் என்று 1962-ல் வீட்டில் சொல்வது எப்படி இருந்திருக்கும்! இன்றைக்கு டிஎன்பிஎஸ்சி பாஸான பிள்ளை அப்படிச் சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் எல்ஐசி வேலையை விட்டவர். ஜான் ஆபிரகாம். 1960-களின் நடுவில் ரித்விக் கட்டக் புனேயில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தார். மணி கௌல், குமார் ஷஹானி, ஜான் என்று ஒரு தலைமுறையே அவர் நிழலில் வளர்ந்தது. ஜான் 1977-ல் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்தார். பிறகு நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் படம் போட்டு, மக்களிடமே காசு திரட்டி 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். ஸ்டூடியோ வாசலே வேண்டாம் என்று சொன்ன ஆளும் ஒரு கல்லூரி வாசல் வழியாகத்தான் வந்தார்.

மூன்றாமவர் கடல் தாண்டி வந்தார். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிப் பருவத்தில் இலங்கையில் நடந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பில் டேவிட் லீனைப் பார்த்து ஆசைப்பட்டவர். இயக்கம் படிக்க விரும்பினார், கிடைத்தது ஒளிப்பதிவு. அதை எடுத்துக்கொண்டு 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். கேட்ட பிரிவு கிடைக்கவில்லையே என்று அழும் தம்பிகளுக்கு நான் சொல்லும் கதை இது. கடைசிக் காலத்தில் சென்னையில் அவரே ‘சினிமாப் பட்டறை’ என்று ஒரு பள்ளி தொடங்கினார்.

மெட்ராஸிலும் வாசல் திறந்துகொண்டிருந்தது. பெங்களூரு பஸ் கண்டக்டர் ஒருவர், நண்பர் கொடுத்த பணத்தில், 1973-ல் பிலிம் சேம்பர் நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். அவரை பாலசந்தர் கண்டுபிடித்த கதையை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அடையாறில் படித்தவர்களை ‘இன்ஸ்டிட்யூட் பசங்க’ என்று கோடம்பாக்கம் கொஞ்சம் கிண்டலாகவே பார்த்துக்கொண்டிருந்தது. 1986-ல் ஆபாவாணனும் அரவிந்த்ராஜும் கூட்டாளிகளும் ‘ஊமை விழிகள்’ எடுத்ததும் அந்தக் கிண்டல் அடங்கியது.

இந்தப் பட்டியலில் பொதுவாக ஒன்று இருக்கிறது. யாருமே சினிமாக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் இல்லை. சர்வே எடுத்தவர், இன்ஷூரன்ஸ் எழுதியவர், டிக்கெட் கிழித்தவர், அகதி ஆவதற்கு முன்பே கடல் கடந்த ஓர் ஈழத்தமிழர். பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லாமலிருந்தால் இவர்களில் எத்தனை பேர் வாசல் தாண்டியிருப்பார்கள்?

5

எனக்குச் சொந்த ஊர் தேங்காய்ப்பட்டணம். குழித்துறையாறு அரபிக்கடலில் சேரும் இடம். எங்கள் ஊர்க்காரரான தோப்பில் முஹம்மது மீரான் 1988-ல் வெளியிட்ட ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை நீங்கள் படித்திருப்பீர்கள். ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்து நிற்கும் ஒரு முதலாளி அந்த நாவலின் மையம். பள்ளிக்கூடம் வந்தால் தன் அதிகாரம் போகும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய சண்டையும் கடைசியில் ‘யார் உள்ளே வரலாம்’ என்ற சண்டைதான் என்பதை எனக்குச் சொல்லித்தந்த புத்தகம் அது.

1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர். இன்றும் சென்னை எங்களுக்கு 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 50 கிலோமீட்டர். எங்கள் வீட்டு ஆன்டெனா ஒருகாலத்தில் வடமேற்கே திருவனந்தபுரத்தைப் பார்த்துதான் நின்றது என்று உம்மா சொல்வாள். அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரஜினியும் தெரியும், மம்மூட்டியும் தெரியும். டிசம்பர் வந்தால் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடித்து கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போய், வரிசையில் நின்று ஈரான் படமும் கொரியப் படமும் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பும் கூட்டம் ஒன்று உண்டு. நானும் அதில் ஒருத்தன். எங்களுடைய திரைப்படப் பள்ளி முதலில் அதுதான்.

சினிமா படிக்க விண்ணப்பம் போடுகிறேன் என்று சொன்னபோது வாப்பா கோபப்படவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “படம் எடுக்கதுக்கும் காலேஜ் உண்டுமா?” என்று கேட்டார். உண்டு என்றேன். “சர்க்காரா?” சர்க்கார்தான் என்றேன். அதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, “படிச்சு முடிச்சா வேலை உண்டுமா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடூரிடமும் 1962-ல் இருந்திருக்காது.

தேர்வு எழுதுவதில்தான் வாசலின் புது வடிவம் தெரிந்தது. 2018-ல் புனே, கொல்கத்தா இரண்டுக்கும் சேர்த்து கூட்டு நுழைவுத் தேர்வு நடத்தத் தொடங்கினார்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழில் யோசிக்கிறவன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பெரும்பாலான படிப்புகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். ஒரு பிரிவுக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்கள்தான். எழுத்துத் தேர்வில் தேறினால் நேர்காணல். ஒரு நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “உங்க ஊர்ல தியேட்டர் இருக்கா?” கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மும்பைப் பிள்ளையிடம் அந்தக் கேள்வி வராது. எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்வேன். காவலாளி போய்ப் படிவம் வந்தது பெரிய முன்னேற்றம். படிவத்துக்கு யார் மகன் என்பது முக்கியமில்லை. ஆனால் படிவத்துக்கும் ஒரு மொழி இருக்கிறது, ஒரு கட்டணம் இருக்கிறது, அதை நிரப்பத் தெரிந்த ஒரு வர்க்கம் இருக்கிறது.

6

இப்போது கேப்பிடல் தியேட்டருக்கு வருகிறேன்.

‘விகதகுமாரன்’ படத்தின் கதாநாயகி பி.கே. ரோஸி. புல் அறுத்துப் பிழைத்த தலித் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். படத்தில் அவர் ஏற்றது ஒரு நாயர் பெண் வேஷம். தலித் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் தெரிந்ததைச் சாதியவாதிகளால் தாங்க முடியவில்லை. திரையைக் கிழித்தார்கள். ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஊரைவிட்டே தப்பித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, வேறு வாழ்க்கைக்குள் மறைந்துபோனார். பிறகு எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. எடுத்த அந்த ஒரு படமும் மிஞ்சவில்லை.

டேனியல் கடனாளியானார். ஸ்டூடியோ போனது. பல் மருத்துவம் படித்து அதில் பிழைத்தார். வயதான காலத்தில் நலிந்த கலைஞர்களுக்கான ஓய்வூதியம் கேட்டபோது, நீங்கள் இப்போது தமிழ்நாட்டுக்காரர் என்று கேரள அரசுத் தரப்பில் கைவிரித்தார்கள். மெட்ராஸ் ஸ்டூடியோவுக்கு அவர் திருவிதாங்கூர்க்காரர். கேரளத்துக்கு அவர் தமிழ்நாட்டுக்காரர். 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். 1992 முதல் கேரள அரசு தன் உயர்ந்த திரைப்பட விருதை அவர் பெயரில் கொடுக்கிறது.

ரோஸியின் கதையை ‘அந்தக் காலம்’ என்று மூடிவைக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் கோட்டயம் அருகே இருக்கும் கே.ஆர். நாராயணன் பெயரிலான திரைப்படக் கல்லூரியில் மாணவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சேர்க்கையில் இட ஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை, துப்புரவுப் பணியாளர்கள் சாதி பார்த்து நடத்தப்பட்டார்கள் என்பவை அவர்களின் குற்றச்சாட்டுகள். 2023 ஜனவரியில் இயக்குநர் ராஜினாமா செய்தார். குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லை என்று அவர் பக்கம் நின்ற கல்லூரித் தலைவரும் அந்த மாதக் கடைசியில் விலகினார். அந்தத் தலைவர், அடூர் கோபாலகிருஷ்ணன். அறுபது வருஷம் முன்னால் சர்க்கார் உதவித்தொகையில் ஒரு வாசலைத் தாண்டியவர், இன்னொரு வாசலின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி அவரிடமே வந்து நின்றது. அவருடைய படங்களை நான் நேசிக்கிறேன். அந்தக் கேள்வியில் நான் மாணவர்கள் பக்கம்தான்.

புனேயிலும் 2015-ல் தலைவர் நியமனத்தை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் நின்றவர்களில் ஒருவரான பாயல் கபாடியா 2024-ல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கினார். திரைப்படப் பள்ளி கேமராவை மட்டும் சொல்லித்தருவதில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு விஷயத்துக்காக நிற்பது எப்படி என்றும் அங்கே கற்றுக்கொள்ள முடிகிறது. தனியாக யூடியூப் பார்த்துக் கற்பவனுக்கு இது கிடைக்காது.

7

‘படம் எடுக்கப் பள்ளிக்கூடம் எதற்கு? ஃபோனிலேயே எடுக்கலாமே’ என்கிற வாதம் இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது. பாரதிராஜா படித்தாரா, மணிரத்னம் படித்தாரா என்பார்கள். சரிதான். ஆனால் பாரதிராஜாவுக்குப் புட்டண்ணா கனகாலிடம் உதவியாளராக ஓர் இடம் கிடைத்தது. மணிரத்னத்துக்கு அப்பாவே சினிமா விநியோகஸ்தர். பள்ளிக்கூடம் தேவையில்லை என்று சொல்கிறவர்களில் பலருக்கு வேறு ஏதோ ஒரு வாசல் தெரிந்திருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வலை இழுக்கிறவரின் மகளுக்குத் தெரிந்த ஒரே வாசல், செய்தித்தாளில் வருகிற அந்தச் சேர்க்கை அறிவிப்புதான். அதனால் தமிழில் தேர்வு வேண்டும், கட்டணம் குறைய வேண்டும், இட ஒதுக்கீடு காகிதத்தில் இருப்பதுபோல நடைமுறையிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது அவளுக்காகக் கேட்பது. இந்தப் பள்ளிகளே வேண்டாம் என்று சொல்வது, அவளை மறுபடி டேனியல் நின்ற இடத்துக்கு அனுப்புவது.

பம்பாயில் டேனியல் சொன்ன பொய்யில் இருந்த மாணவர்கள் அன்றைக்கு எங்குமே இல்லை. இன்றைக்கு இருக்கிறார்கள். புதுக்கடையிலும் கருங்கலிலும் இனயத்திலும் பிளஸ் டூ முடித்துவிட்டு, தரமணியின் நாலு வருஷப் படிப்பு எப்படி, புனேக்கு டிகிரி வேணுமா என்று என்னிடம் கேட்கும் பிள்ளைகள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டிகிரியை முடி, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவுக்குப் போ, ஒரு நாளாவது. நீ ஏன் சினிமா படிக்க வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருக்கும் கட்டத்தில் தர்கோவ்ஸ்கி பெயரை எழுதாதே. உன் வாசலில் இருந்து பார்த்தால் என்ன தெரிகிறதோ அதை எழுது. ஆற்று முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த ராத்திரி தெருவே விழித்திருந்ததை உன்னைத் தவிர யாரும் அங்கே எழுதப்போவதில்லை. இங்கிலீஷ் தப்பாக வந்தால் வரட்டும்.

அப்புறம், கட்டணம் கட்டக் கடைசி நாள்வரை காத்திருக்காதே மக்கா. சர்வர் தொங்கிப்போகும்.